பதினேழு நிரம்பாத வருஷம்

நானும் என் அண்ணனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும், நடுவில் பள்ளி வேறானபோதும், ஒரே வகுப்பில் படித்தோம். அவன் என்னைவிட ஒன்றரை வயது மூத்தவன். புதிதாகப் பார்க்கிறவர்கள் அவன் ஒரு வருஷம் ஃபெயிலாகி என்னோடு வந்து உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வார்கள். அவனும் மறுத்துச் சொன்னதில்லை. உண்மையில் முந்திக்கொண்டு போனவள் நான்தான்.

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். ஊர் என்றால் இருபது வீடுகூட இராது. பள்ளிக்கூடம் அடுத்த ஊரில் இருந்தது. நடுவில் ஓர் ஓடையும் அதைத் தாண்டி மூங்கில் காடும். அண்ணனைச் சேர்த்த புதிதில் இரண்டு நாள் ஒழுங்காகப் போனான். மூன்றாம் நாள் மூங்கில் காட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, உள்ளே கரடி இருக்கிறது, தனியாகப் போகமாட்டேன் என்று சாதித்தான். அப்பா மிரட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான்.

"பாப்பாவும் வந்தா போறேன்."

கரடி வந்தால் நான் என்ன செய்வேன் என்று அவன் நினைத்தானோ தெரியாது. அப்பா என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். எனக்கும் அப்படி எழுதப்போனபோது அப்பா தடுத்தார்.

"இல்லீங்க சார். இது மாட்டுப் பொங்கலன்னிக்கு பொறந்துது. மாட்டுக்கு கொம்புல வண்ணம் பூசிக்கினு நிக்கறேன், உள்ள இருந்து அழுவற சத்தம் கேக்குது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"அப்போ இதுக்கு இன்னும் அஞ்சு வயசு ஆவலியேப்பா" என்றார் வாத்தியார்.

"ஆவலன்னா இன்னாங்க? அண்ணங்கூட சும்மா ஒக்காந்துக்கினு இருக்கட்டும்."

வாத்தியாருக்கும் பிள்ளைகள் குறைச்சலாகத்தான் இருந்தார்கள். என்னைச் சேர்த்துக்கொண்டு, அப்பா சொன்ன தை மாதத்துத் தேதியையே எழுதினார். எங்கள் ஊரில் நிஜமான பிறந்த நாளோடு பள்ளியில் சேர்ந்த முதல் பிள்ளை நானாகத்தான் இருப்பேன். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை.

டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்போது வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நோயாளியை டோலியில் தூக்கி மலையிலிருந்து இறக்கியதைப் பார்த்தாயா, அதனால் மனசு கரைந்ததா என்று எதிர்பார்ப்போடு கேட்பார்கள். அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதனால் வரவில்லை. திருவிழாவுக்கு ஆடு அறுக்கும்போது வந்தது. மற்ற பிள்ளைகள் கறிக்கு நிற்பார்கள். நான் குடலையும் ஈரலையும் எடுத்து வைக்கும் இடத்தில் குந்திக்கொள்வேன். ஒருமுறை அப்பாவிடம் கேட்டு நுரையீரலை வாங்கி, மூச்சுக்குழாயில் வாய் வைத்து ஊதினேன். சுருங்கிக் கிடந்த அது இளஞ்சிவப்பாக உப்பிக்கொண்டு வந்தது. வாயை எடுத்ததும் தானாக அடங்கியது. மறுபடி ஊதினேன். அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா பொண்ணு இது? கறி திங்கறத வுட்டுட்டு கொடலுக்கும் ஈரக்கொலைக்கும் காவல் காத்துக்கினு கெடக்குது!"

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் விலங்கியல் பாடம் வந்தபோது, இதை ஒரு படிப்பாகவே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து ஆச்சரியப்பட்டேன்.

பத்தாவது முடிந்ததும் குரூப் எடுக்கிற கேள்வி வந்தது. பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் எடுக்கிறோமோ அதுதான் மேலே போகிற கதவு என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் அடிவாரத்து ஊரைச் சேர்ந்த ஓர் அக்கா. அவள் அப்போது மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். திருப்பத்தூரில் நான் தங்கிப் படித்த பெண்கள் விடுதியில்தான் அவளும் முன்பு இருந்தாள். லீவுக்கு வரும்போதெல்லாம் விடுதிச் சமையற்கார அம்மாவைப் பார்க்க வருவாள். அவளைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். இந்த நாலும் இருக்கணும். கணக்கு இல்லன்னாலும் பரவால்ல. தமிழ், இங்கிலீசுல பாஸ் பண்ணா போதும், மார்க்கு பாக்கமாட்டாங்க" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிசிக்ஸ்தான் ஆளைக் கவுக்கும். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

நான் படித்த பெண்கள் பள்ளியில் அந்தக் குரூப் கிடையாது. அண்ணன் படித்த ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருந்தது. பிளஸ் டூவுக்கு மட்டும் பெண்களையும் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு முந்தின வருஷம் மூன்று பெண்கள் படித்ததாகச் சொன்னார்கள். அப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அண்ணனும் அந்த கிளாசுல இருந்தா போ" என்றார்.

அண்ணனுக்கு மோட்டார் மெக்கானிக் ஆக ஆசை. ஐ.டி.ஐ.க்குப் பத்தாவது போதும். வேலூரில் இடம் கிடைக்கும் என்று விசாரித்தும் வைத்திருந்தான். அவனிடம் எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவனே பலாப்பழத்தைப் பிளந்துகொண்டே சொன்னான்.

"ரெண்டு வருசம் தானே? வர்றேன். ரிப்பேர் பண்ற பஸ்ஸு எங்க ஓடிப்போவுது?"

அப்படித்தான் தவளையைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்கும் என் அண்ணன் உயிரியல் படிக்க வந்தான். ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் தவளையை மெழுகுத் தட்டில் வைத்துக் குண்டூசி குத்தியதுமே அவனுக்குக் கண் இருட்டிவிட்டது. ஜன்னலோரம் உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவன் நன்றாகப் படம் போடுவான், எனக்குக் கோடே நேராக வராது. வகுப்பில் அவன் தவளையையும் நானே அறுப்பேன். பார்க்க வேண்டியதை அவனுக்கு வாயால் சொல்வேன். அவன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வரைவான். அந்தப் படத்தைப் பார்த்து நான் மறுபடி கற்றுக்கொள்வேன். இதயத்தின் அறைகள் எப்படித் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்பது எனக்குப் புரிந்தது அவன் படத்தில்தான்.

படிப்பை எந்த மாதத்தில் எதுவரை முடிப்பது என்று திட்டம் போட்டது நான். தாவரவியலையும் விலங்கியலையும் கார்த்திகைக்குள் ஒருமுறை முடித்துவிட வேண்டும். அதற்குள் ஊரில் சாமை அறுப்பு முடிந்துவிடும், அரைப் பரீட்சை லீவுக்குப் போனால் படிக்க நேரம் கிடைக்கும். தை பிறந்ததும் வேதியியல். கடைசியில் இயற்பியல். மாசி, பங்குனியில் புளி உலுக்கும் வேலை வந்துவிடும். பொதுத் தேர்வும் அப்போதுதான் வரும். "புளிய நாங்க பாத்துக்கறோம், நீங்க ரெண்டு பேரும் வரவே வராதீங்க" என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

சான்றிதழ் வேலை அண்ணனுடையது. சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் விண்ணப்பம் கொடுக்கும் மாதத்தில் அலைந்தால் கிடைக்காது, ஒரு வருஷம் முன்னாலேயே தாலுகா ஆபீசில் எழுதிப் போட்டுவிடுங்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள். அண்ணன் பள்ளி விட்டதும் போய் நிற்பான். அங்கே ஜீப் டிரைவரோடு சிநேகமாகி, ஜீப் எஞ்சினைத் திறந்து பார்க்கிற சாக்கில் தினமும் போனான். அந்த இரண்டு வருஷத்தில் அவன் விரும்பிப் படித்தது அதுதான்.

பன்னிரண்டாம் வகுப்பில் அரைப் பரீட்சை முடிந்த பிறகு அக்கா தான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது வாங்கிய பழைய விளக்கக் கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். விடுதி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அண்ணன் அதைச் சத்தமாகப் படித்தான். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றான்.

"சேர்ற வருசம் டிசம்பர் முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள பதினேழு வயசு முடிஞ்சிருக்கணுமாம்" என்றான். "உனுக்கு எப்ப முடியுது?"

எனக்குப் பதினேழு முடிவது அதற்கு அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு. இரண்டு வாரம் குறைந்தது.

முதலில் அண்ணன் சிரித்துவிட்டான். அப்புறம் அவன் முகம் மாறியது. அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் மூங்கில் காட்டுக்குப் பயப்படாமல் இருந்திருந்தால் நான் ஒரு வருஷம் கழித்துப் பள்ளியில் சேர்ந்திருப்பேன். வயதும் சரியாக வந்திருக்கும்.

"என்னாலதான் பாப்பா" என்றான்.

"நீ கூப்புடலன்னா நான் பள்ளிக்கூடமே போயிருக்கமாட்டேன்" என்றேன். சமாதானத்துக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அப்போது என் வயதுப் பெண் யாரும் பள்ளிக்குப் போகவில்லை.

விஷயம் அப்பாவுக்குப் போயிற்று. அவர் மறு வாரமே மலையிறங்கி வந்தார். பள்ளி ஆபீசில் இருந்த கிளார்க் நல்ல மனிதர். எங்கள் மேல் இரக்கப்பட்டு ஒரு யோசனை சொன்னார். தேதி தப்பாக எழுதிவிட்டார்கள் என்று மனுப் போட்டு, கோர்ட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். எத்தனையோ பேர் செய்கிறார்கள். அப்பா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"தப்பா எழுதலீங்களே. நான்தானே சொன்னேன்?"

"அது தெரியும் பெரியவரே. பொண்ணுக்கு ஒரு வருசம் வீணாப் போவுதேன்னு சொல்றேன்."

"வீணா எங்க போவுது? வூட்டுக்குத்தானே வரப்போவுது" என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. திரும்பி வரும்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஓட்டலில் பூரி வாங்கிக் கொடுத்தார். தான் டீ மட்டும் குடித்தார்.

பரீட்சை எழுதினோம். அக்கா எச்சரித்தபடியே இயற்பியல் என்னைக் கவிழ்த்தது. மற்ற மூன்றும் நன்றாக வந்திருந்தன. வயது இருந்திருந்தாலும் அந்த மார்க்கை வைத்துக்கொண்டு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. அண்ணன் எல்லாவற்றிலும் பாஸ். செய்முறைத் தேர்வில் தவளையைத் தானே அறுத்திருந்தான். எப்படியடா என்றேன். "எஞ்சினுன்னு நெனச்சிக்கினேன்" என்றான். அந்த ஜூனிலேயே வேலூரில் ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிட்டான்.

எனக்குப் பி.எஸ்ஸி. விலங்கியலில் ஓர் இடம் கிடைப்பதாக இருந்தது. சேரட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

"சேந்தா சர்டிபிகேட்டெல்லாம் அங்க மாட்டிக்கும். நடுவுல வாங்க அலையணும். அங்க பரீட்ச, இங்க பரீட்சன்னு ரெண்டும் கெட்டுப் போவும். நீ வூட்டுல இரு. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ரெண்டையும் மார்க்கு ஏத்தறதுக்கு இம்ப்ரூவ்மெண்ட் எழுது. அடுத்த வருசத்துலேர்ந்து நுழைவுத் தேர்வு வேற வரப்போவுதுன்னு பேசிக்கறாங்க. அதுக்கும் சேத்து படி."

அப்படி நான் வீட்டுக்கு வந்தேன். ஐந்தாம் வகுப்பு முடித்து விடுதிக்குப் போனவள், முழுதாக ஒரு வருஷம் வீட்டில் இருந்தது அப்போதுதான்.

முதல் மாதம் அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. நான் விருந்தாளி மாதிரி இருந்தேன். தண்ணீர் எடுக்கப் போனால் அம்மா குடத்தைப் பிடுங்கிக்கொள்வாள், "நீ படி" என்பாள். படிக்க உட்கார்ந்தால், இந்தப் பெண் எதுவும் பேசமாட்டேன் என்கிறதே என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வாள். ஆடியில் சாமை விதைத்தார்கள். அன்றைக்கு நானே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சாமைக் கொல்லைக்குப் போனேன். ஏருக்குப் பின்னால் நடந்து, சாயந்திரம் முதுகு பிளந்துபோய் வந்து படுத்தேன். அம்மா விளக்கெண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்துவிட்டாள். முதுகெலும்பில் கட்டை விரலை வைத்து ஒவ்வொரு கணுவாக இறங்கினாள்.

"எத்தினி இருக்குது இதுல?" என்றாள்.

சொன்னேன்.

"ஆட்டுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "இத்தன வருசம் இன்னா படிச்ச நீ?" என்று சிரித்தாள். மறுநாள் நான் மீதி விதைப்புக்குப் போனபோது, பெண்டுகளிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்தாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை கேட்பதில் அவளுக்கு இருந்த ஆசை அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சாமை குத்தும்போது, "இன்னைக்கு இன்னா படிச்ச, சொல்லு" என்பாள். ரத்தம் போகிற வழியைச் சொன்னேன். இதயத்தின் வலது பக்கம் வந்து, நுரையீரலுக்குப் போய், மறுபடி இடது பக்கம் வந்து, அப்புறம்தான் உடம்புக்குப் போகிறது என்றேன். உலக்கையை நிறுத்திவிட்டு, "எதுக்கு ரெண்டு வாட்டி வரணும்? நேரா போவக்கூடாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லிப் புரியவைக்க எனக்கு அன்று பொழுது சரியாக இருந்தது. காதுக்குள் நத்தை ஓடு மாதிரி ஒன்று இருக்கிறது என்று சொன்ன அன்று அவள் நம்பவே இல்லை. "உங்க அப்பாவுக்கு அதுல அந்த நத்த செத்துப் போயிருக்கும். கூப்புட்டா கேக்கறதே இல்ல" என்றாள். அப்பா முற்றத்தில் உட்கார்ந்து கலப்பைக்கு ஆப்பு செதுக்கிக்கொண்டிருந்தார். "கேக்குது, கேக்குது" என்றார்.

இயற்பியலைத்தான் அவளிடம் சொல்ல முடியவில்லை. ஒளி விலகல், மின்தடை இதையெல்லாம் பலாமரத்தடியில் தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பள்ளியில் ஓடுகிற ஓட்டத்தில் கணக்கை மனப்பாடம் செய்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. இங்கே யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு கணக்கு வராவிட்டால் எழுந்து போய் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு வருவேன். மறுபடி உட்கார்ந்தால் சில சமயம் வந்துவிடும். வராவிட்டால் நாளைக்கு. ஐப்பசி மழையில் வீட்டுக்குள் புகை நடுவே உட்கார்ந்து, கண்ணாடி வில்லை பற்றிய பாடம் முழுவதையும் புத்தகம் பார்க்காமல் எழுதி முடித்தேன். அப்படி ஒரு நிறைவு எனக்கு அதற்கு முன் படிப்பில் கிடைத்ததில்லை.

அண்ணன் மாதம் ஒருமுறை வேலூரிலிருந்து வருவான். பழைய நாளிதழ்கள், யாரோ படித்துப் போட்ட கைடுகள், கையில் கிரீஸ். நுழைவுத் தேர்வு உறுதி என்ற செய்தி வந்திருந்த பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை இருக்கும், சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விளக்கினான்.

அம்மா, "விடைய அவங்களே குடுத்துட்டா அப்புறம் இன்னா பரீட்ச?" என்றாள்.

"மூணு பொய்யி, ஒண்ணுதாம்மா நெசம்" என்றான் அண்ணன்.

"அப்ப சந்த மாதிரி" என்று அம்மா முடிவு கட்டினாள்.

அந்தத் தையில் எனக்குப் பதினேழு நிரம்பியது. யாரும் தனியாக ஒன்றும் செய்யவில்லை. மாட்டுக்கு வைத்த பொங்கலில் எனக்கும் ஒரு கை வந்தது, அவ்வளவுதான். அப்பா மட்டும் கொம்புக்கு வண்ணம் பூசிக்கொண்டே, "ஆச்சா இப்போ? இனிமே எவனும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?" என்று கேட்டார். ஆச்சுப்பா என்றேன்.

மார்ச்சில் இறங்கிப் போய் இரண்டு பாடத்தையும் மறுபடி எழுதினேன். இயற்பியல் கேள்வித்தாளைக் கையில் வாங்கியபோது பயமே இல்லை. பிறகு வேலூரில் நுழைவுத் தேர்வு. திருப்பத்தூர் வந்து பஸ் ஏறிப் போனோம், நானும் அப்பாவும். அண்ணன் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தான். தேர்வு நடந்த பள்ளிக்கூட வாசலில் கார்களும் ஸ்கூட்டர்களும் நின்றன. பிள்ளைகள் கடைசி நிமிஷம் வரை புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு மரத்தடி பார்த்து உட்கார்ந்துகொண்டு, நான் திரும்பி வரும் வரை எழுந்திருக்கவே இல்லையாம். உள்ளே ஒரு கேள்வி, நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் எது என்று. நாலு விடையையும் படித்தேன். சாமை குத்தும் சத்தம்தான் ஞாபகம் வந்தது. குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

தபால் எங்கள் ஊருக்கு வாரம் ஒருமுறைதான் வரும். அதனால் முகவரிக்கு விடுதியைக் கொடுத்திருந்தேன். சேர்க்கைக் கடிதம் அங்கே வந்ததும், சமையற்கார அம்மா மலைக்கு வருகிற ஒரு ஃபாரஸ்ட் காவலரிடம் சேதி சொல்லி அனுப்பினாள். அவர் கொல்லை ஓரமாக வந்து நின்று, "உம் பொண்ணுக்கு டாக்டருக்கு படிக்க எடம் கெடச்சிருக்குதாம்பா" என்று கத்தினார். அப்பா ஏரை நிறுத்தவில்லை. சால் முடிகிற இடம் வரை ஓட்டிப் போய், மாட்டைத் திருப்பி நிறுத்திவிட்டு, அப்புறம்தான் வந்தார். காவலருக்கு ஒரு முழுப் பலாப்பழத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

கல்லூரியில் கொண்டுவிட அம்மாதான் வந்தாள். நான் வருகிறேன் என்ற அப்பாவிடம், "ஒரு வருசம் அவகூட படிச்சவ நானு" என்று சொல்லி அவரை உட்காரவைத்துவிட்டாள். அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனான். விடுதியில் என் அறையில் இன்னொரு பெண் இருந்தாள், டவுன் பெண். அவள் ஒரு எலும்புக்கூட்டுப் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தாள். அம்மா அதன் முன்னால் போய் நின்று, மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். முதுகெலும்பில் விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள். நடுவில் கணக்கு விட்டுப்போய், "சரியாத்தான் போட்டிருக்கறாங்க" என்று சொல்லிவிட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் களி போடுவார்களா என்று விசாரித்தாள். போடமாட்டார்கள் என்றதும் கொஞ்சம் வருத்தப்பட்டாள். பிறகு, சோறு வெள்ளையாகத்தான் இருக்கிறது, போகட்டும் என்றாள்.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அண்ணன் இரண்டு சீட்டுத் தள்ளி, டிரைவர் கியர் போடுவதைப் பார்க்க வசதியாக உட்கார்ந்துகொண்டான். அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகரும்போது திரும்பிப் பார்ப்பாள், கை காட்ட வேண்டும் என்று ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டிருந்தேன். பஸ் கிளம்பியது. அம்மா பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பக்கம் திரும்பி, கையை நெஞ்சில் வைத்து வலமும் இடமுமாகக் காட்டிக்கொண்டு, ரத்தம் ஏன் இரண்டு தடவை வருகிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.